கடற்கரைக்காரர்களுக்குக் காஷ்மீர் ஏரிப் பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம், மண்டபம், தேவிபட்டினம், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையோர ஊர்களிலிருந்து 'காஷ்மீர் கிரேட் லேக்ஸ்' நடைக்குக் கிளம்புகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். இந்தப் பாதையைப் பற்றி இணையத்தில் நிறைய இருக்கிறது. ஆனால் அதெல்லாம் பெரும்பாலும் பெங்களூரு, புனே ஆட்களை மனதில் வைத்து எழுதியது. அவர்களுக்குச் சனிக்கிழமை காலையில் வண்டியை எடுத்தால் ஏற ஒரு மலை இருக்கும். நமக்கு ராமேஸ்வரம் தீவில் ராமர் பாதம் இருக்கிற கந்தமாதன மேடுதான் உச்சி! அதனால் நம் பக்கத்து ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

இது எந்தப் பாதை? எத்தனை நாள்?

ஸ்ரீநகரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிற சோனாமார்க்கில் தொடங்கி நாரநாக் என்ற மலைக்கிராமத்தில் முடிகிறது. மொத்தம் 70 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஓய்வு நாளையும் சேர்த்தால் ஏழு நாள்.

முதல் நாள் நடை நிச்னாய் பள்ளத்தாக்கு வரை, சுமார் 3,500 மீட்டர் உயரம். அடுத்த நாள் 4,000 மீட்டரைத் தொடும் நிச்னாய் கணவாயில் ஏறி விஷன்சர் ஏரிக்கு இறங்க வேண்டும். அதற்கு மேலே கொஞ்ச தூரத்தில் கிருஷன்சர். பிறகு கட்சர் கணவாய், ஏறத்தாழ 4,200 மீட்டர். பாதையின் உச்சி இதுதான். அதைத் தாண்டினால் கட்சர் ஏரி, சத்சர் ஏரிகள், பாறைக்குவியல்கள் நிறைந்த ஒரு பகுதி, ஜாஜ் கணவாய். கடைசியாக 5,142 மீட்டர் உயர ஹர்முக் மலையடியில் நந்த்கோல், கங்கபல் என்ற இரண்டு ஏரிகள். அங்கிருந்து நாரநாக்குக்கு ஒரே நாளில் சுமார் 1,300 மீட்டர் இறக்கம். ஏற்றத்தைவிட இந்த இறக்கம்தான் பலருடைய முழங்காலைப் பதம் பார்க்கிறது.

மீன்பிடித் தடைக்காலத்தில் போய்வர முடியுமா? அப்போதுதான் எங்களுக்கு வேலை இல்லை.

முடியாது. விசைப்படகுகளுக்குத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த இரண்டு மாதமும் கணவாய்களில் பனி மூடிக் கிடக்கும். பாதை திறப்பதே ஜூலையில்தான். செப்டம்பர் நடுப்பகுதிக்கு மேல் குளிர் கடுமையாகி, புதுப் பனி விழத் தொடங்கும்.

ஜூலைத் தொடக்கத்தில் போனால் கணவாய்ச் சரிவுகளில் பழைய பனி இருக்கும். ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்ட்டிலும் புல்வெளி முழுக்கப் பூ, கூடவே மழையும். செப்டம்பரில் வானம் தெளிவு, இரவில் நடுக்கம். அமர்நாத் யாத்திரை நடக்கும் வாரங்களில் சோனாமார்க் சாலையில் நெரிசலும் கட்டுப்பாடும் இருக்கும், அறை கிடைப்பதும் சிரமம். என்னைக் கேட்டால் ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் முதல் வாரத்துக்குள் போவது நல்லது. தடைக்காலத்தை வீணாக்க வேண்டாம், பயிற்சிக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

மலையே இல்லாத மாவட்டத்தில் எப்படிப் பயிற்சி எடுப்பது?

மணலில் நடப்பது நல்ல தொடக்கம். அரியமான் கடற்கரையில் மெத்தென்ற மணலாகப் பார்த்து ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள், கெண்டைக்காலும் கணுக்காலும் சொல்லும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை போகிற ஒன்பதரை கிலோமீட்டர் சாலையில் விடியற்காலையில் முதுகுப்பையோடு போய்த் திரும்பினால் தூரத்துக்கான தெம்பு வரும். எதிர்க்காற்றும் இலவசம்.

ஆனால் மணலும் சாலையும் இறக்கத்தைச் சொல்லித் தராது. இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும். சமதரையில் அந்த வேலையே அதற்குக் கிடையாது. எனவே படிக்கட்டு தேடுங்கள். மூன்று மாடிக் கட்டடம் எதுவானாலும் சரி. ஏறும்போது எடையோடு ஏறி, இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் காலைத் தொப்பென்று போடாமல் மெதுவாக வைத்து இறங்க வேண்டும். மாதத்தில் ஒரு தடவையாவது வெளியே போங்கள். பழனியில் 693 படி, மதுரைக்குப் பக்கத்தில் அழகர்மலை, திண்டுக்கல் பக்கம் சிறுமலை, அனுமதிக்கிற நாளில் சதுரகிரி. சதுரகிரியில் ஏறி இறங்கிய மறுநாள் தொடை வலி இல்லாமல் நடமாட முடிந்தால் கங்கபல் இறக்கம் உங்களை ஒன்றும் செய்யாது.

பையின் எடை பத்து, பன்னிரண்டு கிலோவுக்குள் நிற்கட்டும். வீட்டில் தண்ணீர் பாட்டில்களைப் போட்டுப் பழகலாம். கூடாரம், சமையல் சாமான் எல்லாம் குதிரைக்காரர்கள் ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

கடல் மட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அங்கே மூச்சு வாங்குமா?

வாங்கும். 4,200 மீட்டரில் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். ஆனால் கடற்கரைக்காரர் என்பதால் தனியாக ஒரு கெடுதலும் இல்லை. சென்னைக்காரரும் டெல்லிக்காரரும் இதே நிலைமையில்தான் வருகிறார்கள். பார்க்க வேண்டியது ஏறும் வேகத்தை.

3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. இந்தப் பாதையில் முதல் நாளே சோனாமார்க்கின் 2,700 சொச்சத்திலிருந்து 3,500-க்குத் தாவல். சிக்கல் அங்கேதான். ஸ்ரீநகரில் இறங்கி மறுநாளே நடக்கத் தொடங்கும் திட்டத்தை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். சோனாமார்க்கில் இரண்டு இரவு தங்குங்கள். அந்த நடு நாளில் சும்மா படுத்துக் கிடக்காமல் மேலே கொஞ்சம் ஏறிவிட்டுத் திரும்பி வந்து தூங்குங்கள். விஷன்சரிலும் ஓய்வு நாளை வெட்டாதீர்கள்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கம் வராமை எல்லாம் சேர்ந்து வந்தால் அது உயர நோயின் தொடக்கம். அன்றைக்கு மேலே ஏறக் கூடாது. ஓய்வெடுத்தும் கூடினால் இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பது, நுரையோடு இருமல், நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது: இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே இறக்கிவிட வேண்டும். இதில் நம் ஆட்களின் பெரிய சங்கடம் வெட்கம். "லேசா தலைவலிதாண்ணே" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருப்பார்கள். கூட வருகிறவரிடம் காலை, மாலை இரண்டு வேளையும் தலைவலி உண்டா, சாப்பிட்டாயா என்று கேட்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

டயமாக்ஸ் மாத்திரையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். உடல் பழகுவதை அது விரைவுபடுத்தும், அடிக்கடி சிறுநீர் போக வைக்கும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

வானிலை எப்படி இருக்கும்? நாங்கள் காற்றைப் பார்த்தே மழையைச் சொல்கிறவர்கள்.

அந்தப் பழக்கம் அங்கே பாதி உதவும், பாதி ஏமாற்றும்.

நம் கரையில் வானம் முழுசாகத் தெரியும். கொண்டலா, கச்சானா, சோழகமா, வாடையா என்று காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரிந்துவிடும். மழை தொலைவில் கடல்மேல் கறுத்து வருவதைப் பார்த்துக்கொண்டே வலையைச் சுருட்ட நேரம் இருக்கும். அங்கே பள்ளத்தாக்குக்குள் நிற்கும்போது தலைக்கு மேலே ஒரு துண்டு வானம்தான். மேகம் மலைமுகட்டுக்குப் பின்னால் திரண்டுகொண்டிருப்பது தெரியாது. தெரியும்போது அது தலைக்கு மேல் வந்திருக்கும். வெயில் சுள்ளென்று அடித்த இடத்தில் அரை மணி நேரத்துக்குள் ஆலங்கட்டி விழலாம்.

உதவுகிற பாதி இது. கடற்காற்றும் கரைக்காற்றும் மாறுகிற மாதிரி மலையிலும் காற்றுக்கு ஒரு தினசரி முறை உண்டு. பகலில் சரிவு சூடேறி, பள்ளத்தாக்கின் காற்று மேலே ஏறும். இரவில் குளிர்ந்த காற்று கீழே வழியும். பகலில் ஏறுகிற அந்தக் காற்றுதான் ஈரத்தை முகடுகளுக்குத் தூக்கிப்போய் மதியத்துக்கு மேல் மேகமாக்குகிறது. அதனால்தான் கணவாயை நண்பகலுக்குள் தாண்டிவிட வேண்டும் என்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கே முகடுகளின் மேல் பஞ்சுப்பொதி மேகம் உயர ஆரம்பித்தால் அன்றைய மதியம் நனையப் போகிறீர்கள். இரவிலும் காற்று கீழே வழியாமல் ஒரே பக்கமிருந்து விடாமல் அடித்தால், அது உள்ளூர்க் காற்று இல்லை, பெரிய ஏதோ ஒன்று வருகிறது.

தென்மேற்குப் பருவமழையைப் பீர் பஞ்சால் மலைத்தொடர் பெருமளவு தடுத்துவிடுவதால், மற்ற இமயமலைப் பாதைகள் நனைகிற மாதங்களிலும் இங்கே நடக்க முடிகிறது. அதற்காக மழையே வராது என்று நம்பிவிட வேண்டாம். பருவக்காற்றும் மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சியும் ஒன்று சேர்ந்தால் நாள்கணக்கில் கொட்டும். 2014 செப்டம்பரில் ஸ்ரீநகரே வெள்ளத்தில் மூழ்கியது அப்படித்தான்.

குளிருக்கு ஒரு கணக்கு: ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 6.5 டிகிரி குறையும். ராமநாதபுரத்தில் 35 டிகிரி இருக்கிற மதியத்தில் 4,000 மீட்டரில் பத்துக்குக் கீழே இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இரவில் சுழியத்தை ஒட்டி. அதே நேரம் வெயிலின் புற ஊதாக் கதிர் 1,000 மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் கூடும். "நாங்கள் பார்க்காத வெயிலா" என்று தொப்பி இல்லாமல் நடந்தவர்களின் மூக்குத் தோல் மூன்றாம் நாள் உரிந்து வந்துவிடும்.

கணவாயில் இடி பிடித்துக்கொண்டால்?

மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் ஆபத்து வட்டத்துக்குள் இருக்கிறீர்கள். முகட்டை விட்டு உடனே கீழே இறங்குங்கள். ஏறி வந்த பக்கம் இறங்க நேர்ந்தாலும் பரவாயில்லை. தனியாக நிற்கும் பாறை, மரம் எதன் அடியிலும் ஒதுங்க வேண்டாம். ஆட்கள் கூட்டமாக நிற்காமல் விலகி நில்லுங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆன பிறகுதான் மறுபடி ஏற வேண்டும்.

வழிகாட்டி "இன்றைக்குப் போக வேண்டாம்" என்கிறார், குழுவில் பாதிப்பேர் போகலாம் என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

வழிகாட்டி பேச்சை. இதில் விவாதமே இல்லை.

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் எவ்வளவு கடன் இருந்தாலும் படகு கரையில்தான் நிற்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அதே ஆள் மலைக்குப் போனதும் மாறிவிடுகிறார். லீவு போட்டாயிற்று, பணம் கட்டியாயிற்று, திரும்ப டிக்கெட் எடுத்தாயிற்று. மலையில் கூண்டு ஏற்ற ஆள் கிடையாது. அந்த வேலையை நீங்களே செய்ய வேண்டும்.

முடிவெடுக்கும் இடம் விஷன்சர். அதுவரை வந்தவர்கள் வந்த வழியே சோனாமார்க்குக்குத் திரும்பலாம். வழியில் நிச்னாய் கணவாய் ஒன்றுதான். கட்சர் கணவாயைத் தாண்டிவிட்டால் முன்னால் ஜாஜ் கணவாய், பின்னால் வந்தால் கட்சர், நிச்னாய் என்று இரண்டு கணவாய் குறுக்கே நிற்கும். அதனால் கட்சர் ஏறும் நாள் காலையில் முகடு மேகத்துக்குள் மறைந்திருந்தால், ஆலங்கட்டி விழுந்துகொண்டிருந்தால், யாருக்காவது தலைவலி நிற்காமல் இருந்தால், கூடாரத்திலேயே இருங்கள். அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம். அந்த அடுத்த நாள் உங்களிடம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஊர் திரும்பும் டிக்கெட்டில் இரண்டு நாள் இடைவெளி விடச் சொல்வது. கையில் உபரி நாள் இல்லாதவர்தான் மோசமான வானிலையில் கணவாய் ஏறுகிறார். வீரமாவது ஒன்றாவது, அவருக்கு வேறு வழியில்லை.

மழை பெய்தால் ஜாஜ் கணவாய்க்கு முன் வரும் பாறைக்குவியலும் சறுக்கும். அங்கே கால் மாட்டினால் எலும்பு முறியும். நனைந்த பாறையில் அவசரப்படுவதைவிடக் காய்கிற வரை டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நல்லது.

என்ன துணி எடுத்துப் போவது?

முதலில் எதை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். பருத்தி. நம் ஊர் வெக்கைக்குப் பருத்திதான் சுகம், வியர்வையை உறிஞ்சி உடம்பைக் குளிர்விக்கும். அதே வேலையை அங்கேயும் செய்யும், அதுதான் கெடுதல். நனைந்த பருத்தி பனியன் மேல் காற்று பட்டால் பத்து டிகிரியிலேயே உடம்பு விறைக்க ஆரம்பித்துவிடும். ஜீன்ஸ் அதைவிட மோசம். கைலி ஒன்று மட்டும் கூடாரத்துக்குள் கட்டிக்கொள்ள வரட்டும்.

உடம்போடு ஒட்டி, சீக்கிரம் காய்கிற பாலியஸ்டர் சட்டை. அதற்கு மேல் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கைக் கம்பளிச் சட்டை. மேலே மழையையும் காற்றையும் நிறுத்துகிற ஜாக்கெட். நிற்கும்போதும் மாலையிலும் போட ஒரு தடித்த பஞ்சு ஜாக்கெட். கம்பளிக் குல்லா, இரண்டு ஜோடி கையுறை, மூன்று நான்கு ஜோடி சாக்ஸ். நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர்கிற அளவுக்குப் போட்டால் போதும், பத்து நிமிடத்தில் சூடு வந்துவிடும்.

ஒரு செட் துணி, உள் சட்டை, பேன்ட், சாக்ஸ், தூங்குவதற்கு மட்டும். என்ன நடந்தாலும் அதை வெளியே போட்டு நடக்கக் கூடாது. பகலில் நனைந்த துணி இரவில் காயாது. காலையில் அந்த ஈரச் சாக்ஸையே பிழிந்து மாட்டிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். கால் விரல் சில்லிட்டு, வாயில் கெட்ட வார்த்தை வரும். பத்தடி நடந்ததும் சரியாகிவிடும். அந்த நேரத்தில் உலர்ந்த சாக்ஸின் மேல் ஆசை வைத்து எடுத்துப் போட்டவருக்கு, அன்று இரவு இரண்டுமே ஈரம்.

நடுங்குவது, விரல்கள் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறுவது, பேச்சு இழுப்பது உடல் குளிர்ந்துபோவதன் அறிகுறிகள். உடனே காற்றுப் படாத இடம், உலர் துணி, தூங்கும் பை, சர்க்கரை போட்ட சூடான பானம்.

படகில் போடுகிற ரெயின்கோட் போதாதா?

போதாது. அந்தத் தடித்த பிளாஸ்டிக் கோட்டில் ஏற்றம் ஏறினால் வெளியே மழை, உள்ளே வியர்வை, இரண்டாலும் நனைவீர்கள். தலைவழியாக மாட்டுகிற மழைப் போர்வையான பான்சோ பரவாயில்லை, ஆனால் கணவாய்க் காற்றில் அது முகத்தைத்தான் மூடும். கைக்கு அடியில் ஜிப் வைத்த மழை ஜாக்கெட், கூடவே மழை பேன்ட்.

பைக்கு மேலே போடும் உறையை நம்ப வேண்டாம், முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். சாக்குக்குள் போடுகிற தடித்த பாலிதீன் உறை ஒன்றைப் பைக்குள் விரித்து, அதற்குள் துணியையும் தூங்கும் பையையும் வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். செலவு மிகக் குறைவு, பயன் மிக அதிகம்.

முடிச்சு போடத் தெரிந்தவர் நம்மிடம் எப்போதும் ஒருவர் இருப்பார். கூடாரக் கயிறு கட்டுவதை அவரிடம் விட்டுவிடுங்கள். முளை இறங்காத தரையில் கல்லில் கட்ட வேண்டியிருக்கும். காய்ந்த ஓடைப் படுகையில் மட்டும் கூடாரம் போட்டுவிடாதீர்கள்.

ஷூ?

கணுக்காலைப் பிடிக்கிற, அடியில் பல் உள்ள ஷூ. கால் லேசாக வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போய், தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். செருப்போடும் வெறுங்காலோடும் நடந்து பழகிய பாதம் அகலமாக இருக்கும், முன்பக்கம் இறுக்குகிற ஷூ இறக்கத்தில் நகத்தைக் கறுக்க வைக்கும். குறைந்தது ஒரு மாதமாவது போட்டு நடந்திருக்க வேண்டும்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. அலமாரியில் ஓரிரு வருடம் கிடந்த ஷூவை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அடிப்பாகத்தில் இருக்கும் பாலியூரித்தேன் நுரை காற்றின் ஈரத்தில் உள்ளுக்குள்ளேயே சிதையும். பார்க்கப் புதுசாகவே இருக்கும். நடுவழியில் அடித்தட்டு வாயைப் பிளக்கும். அவசரத்துக்கு நைலான் கயிறும் அகலமான டேப்பும் பையில் கிடக்கட்டும்.

ஓடைகளைக் கடப்பது சிரமமா?

காலையில் இல்லை. மலைப்பனி வெயிலில் உருகுவதால் மதியத்துக்கு மேல் அதே ஓடை முழங்காலைத் தாண்டும். முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, நீர் வரும் பக்கம் பார்த்து நின்று, கோலை ஊன்றி, ஒரு காலை ஊன்றிய பிறகே அடுத்த காலை எடுங்கள். கடல் தண்ணீர் தூக்கும், இந்தத் தண்ணீர் தள்ளும்.

எங்களுக்கு நல்லா நீச்சல் தெரியும். ஏரியில் குளிக்கலாமா?

நீந்த வேண்டாம். பனி உருகி நிற்கும் தண்ணீர். குதித்ததும் தன்னிச்சையாக மூச்சை உள்ளிழுக்க வைக்கும், அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் அவ்வளவுதான். சில நிமிடங்களில் கை கால் சொன்னதைக் கேட்காது. மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பில் கற்ற நீச்சல் இதற்குத் துணைக்கு வராது. கரையில் நின்று முகம் கழுவுங்கள். சோப்பு வேண்டாம், அந்தத் தண்ணீரைத்தான் கீழே இருப்பவர்கள் குடிக்கிறார்கள்.

கங்கபல் காஷ்மீரப் பண்டிதர்களுக்குப் புனிதமான ஏரி. இறந்தவர்களின் அஸ்தியை அங்கே கரைப்பது அவர்கள் வழக்கம். அக்னி தீர்த்தத்தின் ஊர்க்காரர்களுக்கு அங்கே எப்படி நடந்துகொள்வது என்று சொல்ல வேண்டியதில்லை.

மீன் பிடிக்கலாமா?

இந்தக் கேள்வி வராமல் இருக்குமா! விஷன்சரிலும் கங்கபலிலும் பழுப்பு ட்ரௌட் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் காஷ்மீருக்குக் கொண்டுவந்து விட்ட மீன். தூண்டில் போட ஜம்மு காஷ்மீர் மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும், ஸ்ரீநகரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வலை கூடவே கூடாது. குளிர்நீரில் மீன் மெதுவாகத்தான் வளரும், கிடைக்கிற அளவைப் பார்த்து நம் ஆட்கள் சிரிப்பார்கள்.

சாப்பாடு எப்படி? கருவாடு கொண்டு போகலாமா?

வேண்டாம். கூடாரத்தில் ஏழு நாள் அந்த வாசனையோடு தூங்க உங்களுக்குச் சம்மதம் இருந்தாலும் பக்கத்தில் படுப்பவருக்கு இருக்காது. கீழ்ப்பகுதிக் காடுகளில் கரடியும் உண்டு.

3,700 மீட்டரில் தண்ணீர் 87, 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் அரிசி எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் கல்லாகவே நிற்கும், பருப்பு அதைவிட மோசம். குக்கர் இல்லாத குழுவோடு போகாதீர்கள். குழுச் சமையல் ரொட்டி, சோறு, ராஜ்மா, காய் என்று ஓடும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் கொஞ்சம் கொண்டுபோனால் நாலாம் நாள் அதன் அருமை தெரியும். அந்த உயரத்தில் பசி மந்தமாகும். பிடித்த ருசி இருந்தால்தான் சோறு உள்ளே இறங்கும்.

வழியில் கொறிக்க சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியும் வறுத்த கடலையும் போதும். எனர்ஜி பார் என்று விற்பதில் இதைத் தாண்டி பெரிதாக ஒன்றும் இல்லை.

தொழுகை, ஹலால் விஷயத்தில் சிரமம் உண்டா?

இல்லை. சமையல்காரர், குதிரைக்காரர் பெரும்பாலும் காஷ்மீர் முஸ்லிம்கள், வழியில் ஆடு மேய்க்கும் பக்கர்வால்களும் குஜ்ஜர்களும் அப்படியே. திசை கேட்டால் காட்டுவார்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பெண்கள் மட்டும் போகலாமா?

குழுக்களில் நிறையப் பெண்கள் வருகிறார்கள். கழிப்பறைக் கூடாரம் தனியாகப் போடுகிறார்களா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். மாதவிடாய் நாள் தள்ளியோ முந்தியோ வரலாம், எப்படியும் பொருள் கையில் இருக்கட்டும். பயன்படுத்தியதைப் புதைக்காமல் ஜிப் பையில் போட்டுக் கீழே கொண்டுவர வேண்டும்.

அனுமதி, பாதுகாப்பு?

பாதை எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அருகில் போகிறது. வழியில் ராணுவச் சோதனைச் சாவடிகள் உண்டு. ஆதார் போன்ற அசல் அடையாள அட்டையைக் கொண்டுபோக வேண்டும், போனில் உள்ள படம் செல்லாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ராணுவ முகாமைப் படம் எடுக்காதீர்கள். டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். 2025 ஏப்ரலில் பகல்காம் தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரில் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன. எனவே எந்த வருடமானாலும் பாதை திறந்திருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே டிக்கெட் எடுக்கவும்.

எப்படிப் போய்ச் சேருவது?

மதுரையிலிருந்து விமானம், வழியில் மாறி ஸ்ரீநகர். ரயிலில் போனால் டெல்லி வழியாகக் கட்ரா வரை போய், அங்கிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத், மூன்று மணி நேரப் பயணம். 2025 ஏப்ரலில் நம் புதிய பாம்பன் பாலம் திறந்தார்கள், ஜூனில் 359 மீட்டர் உயரச் செனாப் பாலம். ஒரே பயணத்தில் இரண்டிலும் போகலாம். நேரம் இருப்பவர்கள் ரயிலையே பிடியுங்கள்.

ஏழு நாள் போன் எடுக்காவிட்டால் வீட்டில் பயப்படுவார்களே?

வெளிமாநில பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு ஸ்ரீநகரிலும் சோனாமார்க்கிலும் எடுக்கும், பள்ளத்தாக்குக்குள் போய்விட்டால் அதுவும் கிடையாது. சாட்டிலைட் போன் அனுமதியில்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், வெளிநாட்டிலிருந்து மச்சான் கொண்டுவந்து கொடுத்தாலும் வேண்டாம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் போனையும் பவர் பேங்கையும் இரவில் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள்: நடக்கத் தொடங்கும் தேதி, நாரநாக்கில் இறங்கும் தேதி, அழைத்துப் போகிறவரின் எண், கந்தர்பல் மாவட்டக் காவல் கட்டுப்பாட்டு அறை எண். சோனாமார்க், நாரநாக் இரண்டும் அந்த மாவட்டத்தில்தான். இறங்கும் தேதியோடு இரண்டு நாள் கூட்டி, "அதுவரை போன் வராவிட்டாலும் பதறாதீங்கம்மா, அதற்கு மேல் போனால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று அம்மாவிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள். தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகாமல் ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டச் சொல்லுங்கள்.